மணியும் வள்ளமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பல உருவங்கள் உண்டு. நகரத்தில் மணியடித்துத் திறக்கும் பெரிய பள்ளிகள் ஒரு பக்கம். அந்த மணிச் சத்தம் எட்டாத இடங்களில் வேறு மாதிரியாக நடந்த பள்ளிகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கிலோமீட்டரில் அதிகமில்லை.

காலை ஒன்பதரை மணிக்குத் தைக்காடு சந்திப்பில் நின்றால் போதும். பஸ்களிலிருந்து இறங்கும் சீருடைக் கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்தே ஒரு நகரத்தின் கல்வி வரலாற்றைச் சொல்லிவிடலாம். பையன்கள் மாடல் பள்ளிக்கு, பெண்கள் வழுதக்காட்டுப் பக்கம் காட்டன்ஹில் பள்ளிக்கு. இன்னும் சிலர் ஓவர்பிரிட்ஜ் தாண்டி எஸ்.எம்.வி. பள்ளிக்கு. ஆசியாவிலேயே மிகப் பெரிய பெண்கள் பள்ளிகளில் காட்டன்ஹில்லும் ஒன்று என்று நகரத்தார் பெருமை பேசுவார்கள். அதைச் சரிபார்த்தவர் எவருமில்லை. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர் யாரும் மறுக்கமாட்டார்.

கேரளத்தில் 'பொதுப் பள்ளி' என்றால் என்ன பொருள் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். அரசு நடத்தும் பள்ளியும், தனியார் நிர்வாகத்தில் இருந்தாலும் ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் 'எய்டட்' பள்ளியும் சேர்ந்ததுதான் அது. 1957இல் ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த மசோதா, அந்த நிர்வாகங்களின் கையிலிருந்த கடிவாளத்தை அரசின் பக்கம் இழுக்கப் பார்த்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம், 1959இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையே கலைக்கப்படுவதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. பள்ளிக்கூடத்துக்காக ஆட்சியே போன மாநிலம் அது. அங்கே பள்ளியைப் பற்றி யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை.

இந்தப் பெரிய பள்ளிகளின் வம்சாவளி நீளமானது. 1817இல், திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய், மக்களுக்குக் கல்வி தரும் செலவை அரசே முழுதும் ஏற்க வேண்டும் என்று திருவெழுத்து பிறப்பித்தார். 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் ஜான் ராபர்ட்ஸ் என்ற ஆசிரியரை வைத்து நகரில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. இரண்டே ஆண்டில் அது கட்டணமில்லாத 'மகாராஜா இலவசப் பள்ளி' ஆனது. 1866இல் அதிலிருந்து கல்லூரி முளைத்தது. இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ் அதுதான். பள்ளிப் பகுதியின் வாரிசு என்று உரிமை கொண்டாடுவது எஸ்.எம்.வி. மூலம் திருநாள் மகாராஜாவின் பெயரில் உள்ள ஸ்ரீ மூல விலாசம் என்பதன் சுருக்கமே அந்த மூன்று எழுத்து.

மாடல் பள்ளியின் கதை கொஞ்சம் வேறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக ஏற்பட்ட மாதிரிப் பள்ளி அது. பெயரே காட்டிக் கொடுக்கிறது. இன்று 'மரபான பள்ளி' என்று எதைச் சுட்டிக் காட்டுகிறார்களோ, அது பிறக்கும்போது ஒரு பரிசோதனைக்கூடம். பிற்காலத்தில் நடிகர் மோகன்லால் உட்பட நகரத்துப் பிரபலங்கள் பலர் அதன் பெஞ்சுகளைத் தேய்த்தார்கள். பரிசோதனை மறந்து போயிற்று. பெருமை நின்றுவிட்டது.

சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் இன்னொரு பள்ளி. அரசுத் தமிழ்ப் பள்ளி. பருப்பு, மிளகாய், ஜவுளி என்று வணிகம் செய்ய வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உள்ள பகுதி அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, திருவனந்தபுரத்தில் தமிழ் என்பது சமஸ்தான மொழி என்ற நிலையிலிருந்து சிறுபான்மை மொழி என்ற நிலைக்கு இறங்கியது. தமிழ்வழிப் பள்ளி என்பதும் ஒரு வகையில் மாற்றுப் பள்ளிதான். பாடத்திட்டம் ஒன்று, மொழி வேறு. அங்கே படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், வேலைக்கான பரீட்சையிலும் மலையாளம். இந்தக் கணக்கைப் பெற்றோர் போட்டுப் பார்ப்பதில் தவறு காண முடியாது.

மரபான பள்ளிகளின் பலம் இன்னதென்று மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர், ஆய்வுக்கூடம், நூலகம், மாணவர் போலீஸ், இளைஞர் விழாவுக்கு ஒத்திகை. 2016க்குப் பிறகு வந்த பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் உயர்நிலை, மேல்நிலை வகுப்பறைகளில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. 2023இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களில் மாநில அளவில் தேறியவர்கள் 99.70 சதவீதம். 2024இல் 99.69. நூறு பேர் எழுதினால் ஒருவர்கூடத் தோற்பதில்லை என்ற நிலை. இதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, இப்படி ஒரு பரீட்சை எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தின் குரல் ஓங்கியதால்தான் பாடவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் என்ற பழைய விதி, 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து மறுபடி வரத் தொடங்கியது.

ஆனால் இந்த மணி அடித்த காலத்திலேயே, அதைக் கேட்டும் உள்ளே போக முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க நகரத்திலிருந்து தெற்கே, விழிஞ்ஞம் போகும் வழியில் உள்ள வெங்கானூருக்குப் போக வேண்டும்.

அய்யன்காளி 1863இல் அங்கே பிறந்தவர். புலையர் சமூகம். படிக்காதவர். 1893இல் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வில்வண்டி பூட்டி, தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிக் காட்டிய மனிதர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெங்கானூரில் தம் சமூகப் பிள்ளைகளுக்காக ஒரு குடிப்பள்ளிக்கூடம் போட்டார். ஓலைக் கொட்டகை, அதையும் எதிரிகள் கொளுத்தினார்கள், மறுபடி கட்டினார். திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதல் 'மாற்றுப் பள்ளி' எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். புதுக் கல்விமுறையைச் சோதித்துப் பார்க்க எழுந்த பள்ளியல்ல இது. இருக்கிற பள்ளியின் கதவு சாத்தியிருந்ததால் எழுந்தது.

வரலாற்றில் இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. தனிப் பள்ளி ஒன்றை நடத்தத் தெரிந்த அய்யன்காளி, அதோடு திருப்தி அடையவில்லை. சர்க்கார் பள்ளியிலேயே எங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். அரசும் இணங்கி உத்தரவு போட்டது. ஊர் இணங்கவில்லை. உங்கள் பள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கப் போவதில்லை என்று வேலைநிறுத்தம் அறிவித்தார். விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றால் கூலி உயர்வுக்கு என்றுதான் நாம் நினைப்போம். இது பள்ளிச் சேர்க்கைக்காகவும் நடந்தது. வயலில் களை மண்டியது. பட்டினி கிடந்தவர்களை மீனவர்கள் தங்கள் தொழிலில் சேர்த்துக்கொண்டு தாங்கினார்கள். ஓராண்டு அளவுக்கு நீண்ட பிறகுதான் சமரசம் வந்தது.

பாலராமபுரத்துக்கும் காட்டாக்கடைக்கும் நடுவே ஊரூட்டம்பலம். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், பஞ்சமி என்ற சிறுமியைக் கையோடு அழைத்துக்கொண்டு அய்யன்காளி அந்த ஊர்ப் பள்ளிக்குள் நுழைந்தார். அவள் உட்கார்ந்ததும் மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியேறினார்கள். கைகலப்பு ஆனது. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். 2022இல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது கேரள அரசு. நூறு ஆண்டுக்கு முன் ஒரு சிறுமி உட்கார்ந்த குற்றத்துக்காக எரிந்த பள்ளிக்கு அந்தச் சிறுமியின் பெயரே வந்திருக்கிறது. கருகிய பெஞ்சைப் பார்க்க இப்போது பிள்ளைகளையே அழைத்து வருகிறார்கள்.

1937இல் காந்தி வெங்கானூர் வந்தபோது அய்யன்காளி அவரிடம் சொன்ன ஆசை பிரசித்தம்: சாவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ.க்களைப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து, 1941இல் அவர் காலமானார். அவர் கேட்டது தனிப் பட்டம் அல்ல. எல்லோரும் வாங்கும் அதே பி.ஏ. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மாவட்டத்தின் மற்ற மாற்றுப் பள்ளிகளைப் பார்க்க வேண்டும். தனியாக இருப்பது ஏணியா, வேலியா?

நெடுமங்காடு நகரத்திலிருந்து வடகிழக்கே பதினெட்டு கிலோமீட்டர். அங்கேயுள்ள அரசு டெக்னிக்கல் ஹைஸ்கூலில் எட்டாம் வகுப்பில் சேரும் பையன் கணக்கும் அறிவியலும் படிப்பான். கூடவே அரம் பிடிக்கவும், இரும்பை அளந்து வெட்டவும், வரைபடம் போடவும் கற்பான். பாடம் ஆங்கிலத்தில். கடைசியில் எழுதுவது எஸ்.எஸ்.எல்.சி. அல்ல, டி.எச்.எஸ்.எல்.சி. என்ற தனிப் பரீட்சை. பள்ளியை நிர்வகிப்பது பொதுக் கல்வித்துறை அல்ல, தொழில்நுட்பக் கல்வித்துறை. இளைஞர் விழாகூடத் தனி. கேரளத்துப் பள்ளி இளைஞர் விழா என்றால் ஊரே திரளும் திருவிழா. 1957இல் தொடங்கியது. டெக்னிக்கல் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்கென்று நடக்கும் இன்னொரு விழாவில் ஆடிப் பாடுகிறார்கள்.

இந்தப் பள்ளிகளுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. பத்தாவது முடித்தவனுக்கு பாலிடெக்னிக்கில் தனி ஒதுக்கீடு உண்டு. மற்றவன் முதல் பருவத்தில் திணறும் பட்டறையில் இவன் சும்மா புகுந்து விளையாடுவான். பிளஸ் ஒன் போக விரும்பினாலும் தடையில்லை. ஏணி இருக்கிறது. ஆனால் அண்டை வீட்டில் கேட்டால், 'படிப்பு வராத பையனுக்கு அது சரி' என்ற பதில் வரக்கூடும். கையால் செய்யும் வேலையைப் பற்றி நம் நாட்டில் உள்ள பழைய எண்ணம், கேரளத்தின் எழுத்தறிவைக் கண்டு ஓடிவிடவில்லை. 1983இல் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளும் இதே பெயரைத்தான் சுமந்தன. நல்ல மதிப்பெண் வாங்கியவன் அறிவியல் பிரிவுக்குப் போவான். மிச்சமிருப்பவன் தொழிற்கல்விக்குப் போவான். மாற்றுப் பள்ளியை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், அதற்குள் யாரை அனுப்புகிறோம் என்பதே அதன் மதிப்பை முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பள்ளி, நெடுமங்காட்டுக்குப் போகும் வழியில் அருவிக்கரைக்கு அருகே மைலத்தில் இருக்கிறது. ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி. கேரள விளையாட்டுத் துறையைக் கட்டியெழுப்பியவர் என்று போற்றப்படும் கோதவர்ம ராஜாவின் பெயரில் 1970களில் ஏற்பட்டது. தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு விடியுமுன்பே மைதானம், அப்புறம் வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம்.

எர்ணாகுளம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் ஒரு பையன் இங்கே வந்தான். ஓட்டக்காரனாக ஆசைப்பட்டான், நீளம் தாண்டினான், வாலிபால் ஆடினான். எதிலும் ஒட்டவில்லை. ஹாக்கியில் கோல் காக்க நிற்கும்படி பயிற்சியாளர் சொன்னார். டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைக்கக் காரணமாக கோல் முன் நின்ற பி.ஆர். ஸ்ரீஜேஷ்தான் அந்தப் பையன். மரபான பள்ளி ஒன்றில் அவன் படித்திருந்தால் மூன்று விளையாட்டில் தோற்ற பிறகு நான்காவதைத் தேடிக் கொடுக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? வாரத்துக்கு இரண்டு 'பி.டி.' பீரியட். அதிலும் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார்.

ஆனால் இங்கும் அந்தப் பழைய கேள்வி விடவில்லை. 2024 நவம்பரில் கொச்சியில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நடந்தபோது, ஜி.வி. ராஜா பள்ளியைப் பொதுப் பள்ளிகளோடு ஒரே பட்டியலில் வைத்து இரண்டாம் இடம் கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகள் கொதித்தன. அரசுச் செலவில், பயிற்சியாளர் வைத்து, விளையாட்டுக்கென்றே நடத்தும் பள்ளியும் நாங்களும் ஒரே தட்டிலா என்று நிறைவு விழா மேடைக்கு முன்னாலேயே ரகளை ஆனது. நியாயமான கேள்விதான். டெக்னிக்கல் பள்ளி தனியே ஒதுக்கப்பட்டதாகக் குறைப்படலாம். விளையாட்டுப் பள்ளி சேர்க்கப்பட்டதாலேயே வழக்கு.

இந்த வரிசையில் அரசு சாராத ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. வெள்ளநாட்டில் உள்ள மித்ரநிகேதன். சாந்திநிகேதனில் படித்துத் திரும்பிய கே. விஸ்வநாதன் 1956இல் தொடங்கியது. பள்ளியும் பண்ணையும் பட்டறையும் ஒன்றாக இருக்க வேண்டும், கிராமத்துப் பிள்ளை படித்து முடித்ததும் கிராமத்தை விட்டு ஓடத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். மலைப் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படித்தார்கள். டென்மார்க்கின் நாட்டுப்புற உயர்பள்ளிகளைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தோற்றவர்களுக்கும் இடையில் நின்றவர்களுக்குமாக மக்கள் கல்லூரி ஒன்றையும் 1996இல் ஏற்படுத்தினார். 2014இல் மறைந்தார். வேளாண் அறிவியல் நிலையம் ஒன்றும் அதன் வளாகத்தில் நடக்கிறது. மாவட்டத்து விவசாயிகள் கன்று வாங்கவும் யோசனை கேட்கவும் அங்கே வருகிறார்கள். ஒரு பள்ளிக்கு ஊரில் இப்படி ஒரு வேலை இருப்பது அபூர்வம். நகரத்துப் பெரிய பள்ளி எதற்கும் அது இல்லை.

இப்படிப்பட்ட சோதனைகளிலிருந்து பெரிய பள்ளிகள் எதையும் கற்கவில்லையா? ஒருமுறை கற்றன, அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1990களில் மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டம், சுருக்கமாக டி.பி.இ.பி., கேரளத்துக்கு வந்தது. முதல் கட்டத்தில் காசர்கோடு, மலப்புரம், வயநாடு. அடுத்த கட்டத்தில் திருவனந்தபுரமும் சேர்ந்தது. ஆசிரியர் சொல்ல மாணவன் ஒப்பிக்கும் முறை போய், பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து செய்து பார்த்துக் கற்கும் முறை வந்தது. மனப்பாடம், எழுத்துப் பிழை, வாய்பாடு எல்லாம் என்னவாகும் என்று பெற்றோர் பதறினார்கள். அரசியல்வாதிகள் பதறுவது போல் நடித்தார்கள். வசதி இருந்தவர்கள் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஆனாலும் முறை நின்றது. 2005இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் ராங்க் ஒழிந்து கிரேடு வந்ததும் அந்த வழியின் தொடர்ச்சிதான். ராங்க் வாங்கிய பிள்ளையின் படம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்த காலம் அதோடு முடிந்தது.

பள்ளிக் கட்டடங்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். எழுத்தறிவு மிஷன் நடத்தும் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுக்கான பாடம் விடுமுறை நாளில் இதே வகுப்பறைகளில் நடக்கிறது. திங்கள் முதல் பதினைந்து வயதுப் பிள்ளை உட்காரும் பெஞ்சில் ஞாயிறன்று பேரன் பேத்தி எடுத்தவர் உட்கார்கிறார். 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தபோது கிளம்பிய வேகத்தின் மிச்சம் இது. மரபான பள்ளிக்கும் மாற்றுப் பள்ளிக்கும் ஒரே கூரை, ஒரே கரும்பலகை. இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுவதில்லை.

மாவட்டத்தின் பரப்பு 2,192 சதுர கிலோமீட்டர்தான். கடற்கரையில் புறப்பட்டவன் மதியத்துக்குள் அகஸ்தியகூடத்தின் அடிவாரத்தில் நிற்கலாம். காட்டாக்கடை தாண்டி அம்பூரி வரை பஸ் போகும். அதற்கப்பால் நெய்யாறு அணை தேக்கி வைத்த நீர். 1950களில் கட்டிய அணை, கீழே நெய்யாற்றின்கரைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. மேலே காணிக்காரர் குடியிருப்புகள் சிலவற்றுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஏரியைப் போட்டது. காணிக்காரர் மேற்கு மலைத்தொடரின் இரு புறமும் வாழ்பவர்கள். இப்பக்கம் பேச்சிப்பாறை, பாபநாசம் மலைகளிலும் அவர்களைக் காணலாம். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும்.

அந்த அக்கரையில், குன்னத்துமலையில், 1990களின் இறுதியில் ஓர் ஒற்றையாசிரியர் பள்ளி வந்தது. டி.பி.இ.பி. காலத்தில் இப்படி மாநிலத்தின் மலைகளிலும் கடலோரங்களிலும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அதிகாரபூர்வப் பெயர் பல்தரக் கற்றல் மையம். ஊர்ப் பெயர் ஏகாத்தியாபக வித்தியாலயம். ஒரே அறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஆசிரியரும் ஒருவரே. பாடம் சொல்பவர், கஞ்சியும் பயறும் வேக வைக்க ஏற்பாடு செய்பவர், வராத பிள்ளையைக் குடிசைக்குப் போய்க் கூட்டி வருபவர் எல்லாம் அவரே.

குன்னத்துமலைக்கு நியமனமான ஆசிரியை காலையில் அம்பூரியிலிருந்து ஸ்கூட்டரில் கும்பிச்சல் கடவு வரை வருவார். அங்கே தாமே வள்ளம் துழாவி அக்கரை சேர்வார். பிறகு கையில் கம்போடு காட்டு வழியில் மலையேற்றம். யானை நடமாட்டம் உள்ள வழி. மழை பிடித்துக்கொண்டால் இரவு அங்கேயே, பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் தங்கல். இப்படி இருபது ஆண்டுக்கு மேல். பத்திரிகைகளில் படம் வந்தது, விருதுகள் வந்தன. மாதச் சம்பளம் என்று ஒன்று வரவில்லை. வந்தது மதிப்பூதியம், அதுவும் சில மாதங்களில் தாமதமாக. 2020 ஜூனில் கொரோனாவால் பள்ளிகள் பூட்டியபோது அரசு டி.வி.யில் பாடம் நடத்தியது. சிக்னல் எட்டாத மலைகளில் இது போன்ற ஆசிரியர்கள்தான் சிக்னல்.

இந்த மையங்கள் நிரந்தரம் என்று யாரும் சொன்னதில்லை. 2010இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் கண்ணில் அவை பள்ளிகளே அல்ல. ஒரே அறையில் நான்கு வகுப்பு, பயிற்சிச் சான்றிதழ் எல்லோருக்கும் இல்லாத ஆசிரியர்கள், நூலகம் கிடையாது, கூட விளையாட அதிகம் பிள்ளைகள் கிடையாது. பழங்குடிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அரைகுறைப் பள்ளி, நகரத்துப் பிள்ளைக்கு உள்ளது அவனுக்கும் வேண்டாமா என்று அதிகாரிகள் கேட்டார்கள். இது அய்யன்காளி கேட்ட கேள்விதான். வாகன வசதி, விடுதி எல்லாம் ஏற்பாடு செய்து பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள். 2022 மார்ச் 31உடன் மாநிலம் முழுவதும் இந்த மையங்கள் மூடப்பட்டன.

கேள்வி அதேதான், ஆனால் கேட்டவர் வேறு. ஊரூட்டம்பலத்தில் பள்ளிக்குள் போக வேண்டும் என்று கேட்டது பஞ்சமியின் தரப்பு. குன்னத்துமலையில் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும் என்று கேட்டது குடியிருப்பு அல்ல, திருவனந்தபுரத்தின் அலுவலகம். வள்ளத்தில் ஆசிரியை அக்கரைக்கு வந்த வரை ஆறு வயதுப் பிள்ளை தாயின் கண்ணெதிரே எழுத்துக் கற்றது. இனி அந்தப் பிள்ளை வள்ளமேற வேண்டும், அல்லது விடுதியில் தூங்க வேண்டும். ஸ்ரீகாரியம் பக்கம் கட்டேலாவில் பழங்குடிப் பெண்களுக்காக அரசு நடத்தும் மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. அங்கே சேரும் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்காமல் பிளஸ் டூ வரை போக வழி உண்டு. அந்த வயதுக்கு அது நல்ல ஏற்பாடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிப்பது அதே கணக்கில் வராது. பெரிய பள்ளியும் ஒற்றையாசிரியர் பள்ளியும் ஒன்றுக்கொன்று பதிலி அல்ல. ஒன்றில் ஏறப் படி மற்றொன்று. படியை எடுத்துவிட்டு மாடியை விசாலமாக்கியிருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு இதுவரை நேரான பதில் வரவில்லை.

ஆசிரியர்கள் முன்னூறுக்கும் மேல். இருபது ஆண்டு வேலை பார்த்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா என்ற பேச்சு எழுந்ததும் அரசு ஒரு வழி கண்டது: விரும்புகிறவர்களுக்குப் பள்ளிகளில் துப்புரவுப் பணி. 2022 ஜூனில், பள்ளி திறந்த முதல் நாட்களில், குன்னத்துமலைக்கு வள்ளம் துழாவிய ஆசிரியை நகரத்து அரசுப் பள்ளி ஒன்றில் துடைப்பம் பிடித்து நின்றார். அந்தப் படமும் பத்திரிகைகளில் வந்தது. சட்டசபைக்கு வெளியே கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. எந்த வேலையும் இழிவில்லை, பிள்ளைகள் நடமாடும் இடத்திலேயே இருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. மறுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்களும் உண்டு.

சேர்ந்தவர்களின் கணக்கு எளிது. ஒற்றையாசிரியர் பள்ளியில் அவர்கள் எத்தனை ஆண்டு கற்றுக்கொடுத்தாலும் அது தற்காலிகம். கூட்டுகிற வேலை அரசுப் பதிவேட்டில் ஏறிய நிரந்தர வேலை.